பழைய பார்க்கிங் டிக்கெட்டுக்கு கலெக்‌ஷன் லெட்டர் வந்தா பயப்படாதீங்க

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல எங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்பவோ சூப்பர்மார்க்கெட்ல நிறுத்தின காருக்கு இப்ப லெட்டர் வந்திருக்கு, 100 பவுண்டு 170 ஆகி, மேல சிவப்புல "இறுதி எச்சரிக்கை"ன்னு. ஆள் வந்து டிவியத் தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு அவங்களுக்கு ஒரே பயம். தனியார் கம்பெனி போடுறது அரசாங்க அபராதமே இல்லக்கா, கான்ட்ராக்ட மீறினீங்கன்னு அவன் அனுப்புற பில்லு, கலெக்‌ஷன்காரனுக்கு வீட்டுப் பொருள்ல கை வைக்க எந்த அதிகாரமும் கிடையாதுன்னு சொன்னேன்.

அதுக்காக எல்லாத்தையும் குப்பையில போட்றாதீங்க. 2015ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட், இதே மாதிரி தனியார் கம்பெனி போட்ட 85 பவுண்டு சார்ஜ் செல்லும்னே சொல்லிடுச்சு. கேஸ் போடப்போறேன்னு லெட்டர் வந்தா 30 நாளுக்குள்ள பதில் போடுங்க. கோர்ட் ஃபார்ம் வந்தா 14 நாள்ல கிடைச்சதுன்னு பதிவு பண்ணினா வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும், சும்மா இருந்தா தீர்ப்பு அவன் பக்கம், கிரெடிட் ரெக்கார்ட் 6 வருஷம் கெட்டுப்போகும், அப்புறம் வீட்டு லோனுக்கு அலையணும்.

முதல்ல தேதியப் பாருங்க. கார் நம்பரைக் கேமரால பிடிச்சு அனுப்பின டிக்கெட்னா, கார் யார் பேர்ல பதிவாயிருக்கோ அவங்களுக்கு 14 நாளுக்குள்ள நோட்டீஸ் வந்திருக்கணும், இல்லன்னா 2012 சட்டப்படி அவங்ககிட்ட கேக்க முடியாது, ஓட்டினவங்ககிட்டதான் கேக்கணும், அதனால யார் ஓட்டினாங்கன்னு நீங்களா எழுதிக் குடுக்காதீங்க. 6 வருஷம் தாண்டிட்டா இங்கிலாந்துல கேஸே நிக்காது.

கோர்ட் பேப்பர் பழைய அட்ரஸுக்குப் போய் உங்களுக்குத் தெரியாமலே தீர்ப்பு ஆயிருந்தா ரத்து பண்ணச்சொல்லி உடனே மனு போடுங்க. கவுன்சில் (உள்ளூர் நிர்வாகம்) போடுற டிக்கெட் வேற கதை, அதைக் கட்டாம விட்டா நிஜமாவே பெய்லிஃப், அதாவது பொருளை எடுத்துட்டுப் போக அதிகாரம் உள்ளவங்க, வரலாம்.