தட்டின் மேல் ஒரு கிண்ணம்

ஜனவரி 9

தேதி முடிவாகிவிட்டது. 24, 25. இரண்டு நாளும் காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை பட்டறை எல்லோருக்கும் திறந்திருக்கும். யாருடைய மேசை எங்கே என்று அச்சுக்காரர் ஒரு படம் வரைந்து காட்டினார். ஜன்னலோரத்தில் அக்காவின் வனையும் சக்கரம் இருக்கும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தார். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஜனவரி 10

குவளை 14. கைப்பிடி நாளைக்கு.

ஜனவரி 12

அக்கா பாதியில் விட்டுப்போன கிண்ணம் முழுக்கக் காய்ந்துவிட்டது. அக்கா வந்து மீதியை முடிப்பார் என்று முதல் மூன்று நாள் பாலிதீன் போட்டு மூடி வைத்திருந்தேன். பிறகு தினமும் ஈரம் தெளித்தேன். ஒரு நாள் மறந்தேன், விளிம்பு வெளுத்துவிட்டது. இன்று எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியே இல்லை. சுருங்கி, மரத்தட்டிலிருந்து தானாகவே விட்டுக்கொண்டிருக்கிறது. உள்ளே அவர் விரல் ஏறிய வரி அடியிலிருந்து சுழன்று சுழன்று வந்து பாதியில் நிற்கிறது. அதற்கு மேல் சுவர் தடிப்பாக இருக்கிறது. அந்த இடத்தில்தான் "இதோ வர்றேன்"னு எழுந்து போனார்.

சூளை ஏறாத பச்சை மண்ணுக்கு இரண்டு வழி உண்டு. தண்ணீரில் போட்டால் மறுபடி மண். முழுக்கக் காய்ந்ததுதான் சீக்கிரம் கரையும், அரை ஈரத்தில் இருப்பது அடம்பிடிக்கும். சூளையில் ஏற்றினால் அது வேறு. சுமார் 600 டிகிரியைத் தாண்டும்போது மண்ணின் உடம்பிலேயே கலந்திருக்கும் நீர் போய்விடும். அப்புறம் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது மண்ணாகத் திரும்பாது.

இதில் எது என்று நான் எப்படி முடிவு செய்ய முடியும்?

ஜனவரி 13

கைப்பிடி மூன்று விட்டுக்கொண்டது. குவளையை விடக் கைப்பிடி ஈரமாக இருந்ததுதான் காரணம். அவசரம்.

ஜனவரி 15

அக்காவின் மகளிடமிருந்து தகவல் இல்லை.

ஜனவரி 16

அச்சுக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார். சக்கரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அக்காவின் பெயரை எழுதி ஒரு அட்டை வைத்து, பக்கத்தில் அவருடைய பழைய ஜாடிகளை அடுக்கலாம் என்று. எனக்கு உடம்பெல்லாம் பதறியது. வேண்டாம் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

இரவு முழுக்கக் குயவர் லூசி ரீயின் பட்டறைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1938-இல் வியன்னாவை விட்டு லண்டனுக்கு வந்தவர். போர்க்காலத்தில் பீங்கான் பொத்தான் செய்து பட்டறையை ஓட்டியவர். பச்சைக் கலத்தின் மேலேயே தூரிகையால் பூச்சு பூசி, ஒரே சூட்டில் மின்சூளையில் முடிப்பார். 1995-இல் இறந்தார். அவருடைய பட்டறையை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அப்படியே திரும்ப அமைத்திருக்கிறார்கள். எத்தனை அன்போடு செய்த வேலை! ஆனாலும் அந்தச் சக்கரம் இனி நனையாது. அக்கா இருக்கிறார். இருக்கிறவரின் சக்கரத்துக்குக் கயிறு கட்ட என்னால் முடியாது.

ஜனவரி 18

தரை முழுக்க ஈரத்துணி போட்டோம். ஆட்கள் வரும் இடம், தூசி பறக்கவே கூடாது. மண்தூளில் சிலிக்கா இருக்கிறது. துடைப்பத்தால் கூட்டினால் கண்ணுக்குத் தெரியாத பொடி மணிக்கணக்கில் காற்றில் நிற்கும், உள்ளே போனது போனதுதான். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அக்காதான். பூச்சுக் கலவை கலக்கும்போது பல நாள் முகமூடி போடாதவரும் அவர்தான். அவர் நோய்க்கு அதுவா காரணம் என்று மகளிடம் கேட்க நாக்கு எழவில்லை.

ஜனவரி 20

என் மேசைக்கு ஒரு யோசனை. ஒரே அளவில் வனைந்த மூன்று குவளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறேன். ஒன்று அன்று காலை வனைந்த ஈரக் குவளை, ஒன்று முதல் சூடு கண்டது, ஒன்று பூச்சு போட்டு 1240 டிகிரி வரை போய் வந்தது. என் மண் ஈரத்திலிருந்து கடைசிச் சூடு வரை நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும். வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

ஜனவரி 22

மகள் பேசினாள். அக்காவால் இன்னும் பேச முடியவில்லை, பலகையில் எழுதிக் காட்டுகிறாராம். எங்களுக்காக இரண்டு வரி. "சக்கரம் சும்மா நிக்கக் கூடாது. கிண்ணம் காஞ்சிடுச்சா?"

காஞ்சிடுச்சுக்கா என்று சொல்லச் சொன்னேன். மறுபடி அழைப்பு வரவில்லை.

கிண்ணத்தை நினைவு வைத்திருக்கிறார்!

ஜனவரி 23

கிண்ணத்தைத் தட்டோடு என் அலமாரிக்கு மாற்றினேன். சக்கரத்தில் புதுத் தட்டு. ஒரு வாளி தண்ணீர், ஒரு ஸ்பாஞ்சு, பிசைந்து உருட்டிய மண் இருபது உருண்டை.

ஜனவரி 24

கூட்டம். கால் விண்விண் என்று தெறிக்கிறது. அவுரிச் சாயக்காரப் பெண்ணின் தொட்டியைச் சுற்றித்தான் பெரிய வட்டம். துணி வெளியே வரும்போது மஞ்சள் கலந்த பச்சை, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகிறது. ஒவ்வொரு தடவையும் கூட்டம் மொத்தமும் மூச்சை இழுத்துப் பிடித்தது. நூறு தடவை பார்த்த நானும்தான். அச்சுக்காரர் லினோவில் எழுத்தைத் திருப்பிச் செதுக்குவதைக் காட்டி, தாளை உரித்து எடுத்தபோது கைதட்டல்.

மூன்று குவளையையும் எல்லோரும் தூக்கிப் பார்த்தார்கள். ஈரக் குவளையில் முப்பது பேருடைய விரல் பதிந்து, மாலைக்குள் அது குவளையாகவே இல்லை. அதை எடுத்து வைக்க மனம் வரவில்லை, இன்றைய நாளின் பதிவு அதுதான்.

அக்காவின் சக்கரத்தில் இருபது உருண்டையும் தீர்ந்தது.

ஜனவரி 25

இன்று முப்பது. அக்காவின் வயதிருக்கும் ஒரு அம்மா அரைமணி நேரம் மண்ணை நடுவுக்குக் கொண்டுவர மட்டும் முயன்றார். சுவர் எழுப்பவே இல்லை. கடைசியில் மண் ஆடாமல் நின்றதும் கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். பின்னால் காத்திருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

எல்லோரும் போனபின் சக்கரத்தைக் கழுவி, முக்காலியில் உட்கார்ந்தேன். உயரம் மாறியிருக்கிறது. யாரோ திருகி ஏற்றியிருக்கிறார்கள். அக்காவின் உயரம் எத்தனை மரை என்று எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கோடு போட்டு வைக்கத் தோன்றவில்லை. இறக்கினேன், ஏற்றினேன், இறக்கினேன். இதுவாக இருக்கலாம். இல்லை, கொஞ்சம் கீழே.

ஜனவரி 26

உயரம் தெரியவில்லை.

ஜனவரி 27

சூளை அடுக்கினேன். கிண்ணத்தின் அடி இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், செதுக்காத அடி. "அடி செதுக்காததை ஏத்தாதே" என்பது அக்காவின் சட்டம். அத்தனை தடிப்பில் உள்ளே ஈரம் ஒளிந்திருந்தால் நூறு டிகிரியில் ஆவியாகி வெடிக்கும், பக்கத்துக் கலத்தையும் கொண்டுபோகும். நானே செதுக்கலாம். செதுக்கினால் அது என் கையும் பட்ட கிண்ணம். தண்ணீர் வாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

ஏற்றினேன். கீழ்த்தட்டில், தனியாக, மற்றவர்களின் கலங்களைத் தள்ளி வைத்து. இரவு முழுக்க 85-ஐத் தாண்டவிடப் போவதில்லை.

ஜனவரி 28

காலை ஐந்து மணிக்கு ஒரு கண்ணாடித் துண்டை மேல் துளைக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஆவி படியவில்லை. மணிக்கு 60 டிகிரி என்று விட்டேன். மதியம் 573. அங்கே குவார்ட்ஸ் உருமாறித் திடீரென்று விரியும், அதனால் அந்த இடத்தை இன்னும் மெதுவாகக் கடக்கவிட்டேன். வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை.

இனி வாளிக்குத் திரும்ப வழியில்லை.

மகளுக்கு இரண்டு தடவை அழைத்தேன். எடுக்கவில்லை.

ஜனவரி 30

140 காட்டுகிறது. நூறுக்குக் கீழே வரட்டும்.