ஈகிள் ஆற்றில் முதல் முறை

மூன்று கிலோ எடையுள்ள ஒரு படகை முதுகில் கட்டிக்கொண்டு நேற்று காட்டுக்குள் நடந்தேன். அலாஸ்கா, சூகாச் மாநிலப் பூங்கா. க்ரோ பாஸ் பாதையில் சில மணி நேரம் நடந்து, ஈகிள் ஆற்றங்கரையில் பேக்ராஃப்ட்டை, அதாவது சுருட்டிச் சுமந்து போகும் அந்தக் காற்றுப் படகை, விரித்தோம். பம்ப் கிடையாது. படகோடு இணைத்த நைலான் பையில் காற்றைப் பிடித்து, பையின் வாயைச் சுருட்டி அமுக்கினால் படகு நிறைகிறது.

பனியாற்றிலிருந்து உருகி வரும் தண்ணீர். பனி அரைத்த கல்மாவு கலந்து சாம்பல் நிறம். ஏறி உட்கார்ந்ததும் படகின் அடியில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். அந்தத் துகள்கள் உரசுவதுதானாம்! மலைகளுக்கு நடுவே, மனிதர் குரலே இல்லாத இடத்தில், அதை மட்டும் கேட்டபடி மிதந்தேன். கண் கலங்கிவிட்டது.

அப்புறம் ஒரு வளைவில், விழுந்து கிடந்த மரத்தை நோக்கி நீரோட்டம் இழுத்தது. கிளைகள் தண்ணீரை விட்டுவிடும், ஆளைப் பிடித்துக்கொள்ளும். “படகு மூக்கை ஓட்டத்துக்கு எதிரா சாய்ச்சுத் திருப்பு, விடாம துடுப்பு போடு!” என்று நண்பர் கத்தினார். போட்டேன். கரை வந்தது.

கை இன்னும் வலிக்கிறது. ஆகஸ்டில் மறுபடி போகிறோம்.