அவருன்னு சொல்லு, மிஸ்ஸி

எச்பிவி என்பது உடலுறவில் பரவும் கிருமி, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமானது. மலேசியாவில் அதைப் பெண்களிடம் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வில் நான் மிஸ்ஸி, அதாவது தாதி. கிருமி இருப்பதாக முடிவு வந்த பெண்களிடம் சொல்வதற்கென்றே எங்களிடம் ஒரு வாக்கியம் இருந்தது: "இந்தக் கிருமி எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது." விளக்கத் தாளில் மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் அது அச்சாகியிருந்தது. நெறிமுறைக் குழு பார்த்து ஒப்புக்கொண்ட வாக்கியம். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றுதான் கேட்பார்கள். அந்த அம்மா மட்டும் அதை விடவில்லை.

வயது 58. பட்டர்வொர்த்தில் மகனோடு இருப்பவர். கருப்பை வாயைச் சுரண்டிச் செல் எடுக்கும் பாப் ஸ்மியர் என்றால் ஓடிவிடும் பெண்கள்கூட, தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்றதும் வந்தார்கள். அவரும் அப்படித்தான் வந்தார். திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம், குச்சியைக் குழாயில் போட்டு மூடினால் சரி. "இம்புட்டுதானா?" என்று சிரித்தபடி குழாயை என்னிடம் நீட்டினார். முடிவில் வகை 16 என்று வந்தது. கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 விழுக்காடு 16, 18 என்ற இந்த இரண்டு வகைகளால் வருவது. அதனால் இந்த இரண்டு எண்களைப் பார்த்தால் தள்ளிப்போடாமல், கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோபிக்கு அனுப்பிவிடுவோம்.

முடிவைத் தனியாகத்தான் சொன்னேன். இது இன்னும் புற்றுநோய் இல்லை, பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டில் உடம்பே இதை விரட்டிவிடும், தங்கிவிட்டால்தான் பல ஆண்டு கழித்துத் தொல்லை என்றெல்லாம் விளக்கினேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், "வீட்டுக்காரர் போய் ஒன்பது வருஷம் ஆச்சே மிஸ்ஸி. இப்ப எப்படி?" என்றார்.

"வருஷக்கணக்கா வெளியே தெரியாம இருக்கும்மா. மாதவிடாய் நின்ன பிறகு திரும்பத் தலைகாட்டவும் செய்யும்."

"அப்ப அவருகிட்டேருந்து வந்ததுதானே?"

நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"முடியாதுன்னா எப்படி? வேற யாரு இருக்கா எனக்கு?" அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டார். "மருமக வெளிய உக்காந்திருக்கா. அந்தப் பாரத்தை எனக்குப் படிச்சுக் காட்டுனதே அவதான். நீ தெரியாதுன்னு சொன்னா அவ என்னத்த நெனப்பா? அவருன்னு சொல்லு, மிஸ்ஸி."

கணவர் மேல் சந்தேகப்பட்டு அழுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதில் தயாராக இருந்தது. கணவரே காரணம் என்று சொல்லும்படி கேட்பவருக்குப் பதில் இல்லை. அவர் சம்மதத்தோடு மருமகளை உள்ளே கூப்பிட்டு, "கல்யாணமான எந்தப் பொம்பளைக்கும் வரலாம், நெறைய பேருக்கு வந்து போறதுதான்" என்றேன். பொய் இல்லை. அந்தப் பெண் "சரிங்க மிஸ்ஸி" என்றாள். அந்த 'சரி' எந்த வகைச் சரி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் சொன்னதில் தவறில்லை என்றுதான் நினைக்கிறேன். எந்தச் சோதனையும் கிருமி வந்த தேதியைக் காட்டாது. ஆண்களுக்கு வழக்கமாகச் செய்யும் எச்பிவி சோதனையும் கிடையாது. இவருக்கு இளகி 'அவர்தான்' என்று சொல்லிவிட்டால், கணவர் உயிரோடு இருக்கும் அடுத்த பெண்ணுக்கும் அதையே சொல்ல வேண்டிவரும். அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும்? எங்கள் டாக்டரும், நீ சொன்னது சரி, மற்றது அவர்கள் குடும்ப விஷயம் என்றார்.

ஆனால் ஒன்று இடிக்கிறது. ஆய்வின் வினாத்தாளில் வாழ்நாளில் எத்தனை துணைவர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. அவர் 'ஒன்று' என்றார். என் கையால்தான் குறித்தேன். அந்த ஒன்று கணினியில் ஏறி, சராசரிக்குள் போய்விட்டது. ஆய்வுக்கு வேண்டியபோது அவர் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டோம். தனக்கு வேண்டும் என்று அவர் அதையே திருப்பிக் கேட்டபோது, சொல்ல முடியாது என்றோம். ஒன்றே ஒன்று என்றால் யாரிடமிருந்து என்பதற்கு ஆய்வகமா வேண்டும்? செத்துப்போன மனுஷனுக்கு என் வாக்கியம் துணை நின்றது. உயிரோடு எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு?

அவர் கேட்டதை ஆராய்ச்சியாளர்கள் கேட்காமல் இல்லை. 1842இலேயே இத்தாலியில் ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் வெரோனா நகரத்தின் இறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, கருப்பைப் புற்றுநோய் மணமானவர்களிடமும் விதவைகளிடமும் மிகுதி, கன்னியாஸ்திரிகளிடம் அரிது என்று கண்டார். 1970களில், முதல் மனைவியை இந்த நோய்க்குக் கொடுத்தவர்களின் அடுத்த மனைவிகளுக்கும் அது வருகிறதா என்று தேடிப் பார்த்தார்கள். ஆக, ஒரு காலத்தில் ஆண்கள் பக்கமும் விரல் நீண்டது. 1983இல் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு புற்றுத்திசுவில் வகை 16ஐக் கண்டுபிடித்தது, 2008இல் அவருக்கு நோபல். பெயர் தெரிந்த பிறகு கிருமியைத்தான் பேசினோம், கொண்டுவந்தவரைப் பேசவில்லை. நம் பள்ளிகளில் 2010இல் தடுப்பூசி தொடங்கியபோதும் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குத்தான் போட்டார்கள். பையன்கள் வகுப்பிலேயே இருந்தார்கள்.

இப்படி எழுதினால் ஏதோ ஆண்கள்மேல் வழக்குப் போடுவது போலிருக்கிறது. அப்படியும் இல்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்குக் கல்யாணத்துக்கு முன்பே வந்திருக்கலாம். ஓர் அறிகுறியும் இல்லாமல், தெரியாமலே போய்ச் சேர்ந்திருப்பார். 'அவர்தான்' என்று சொன்னால்கூட அது அவர்மேல் குற்றமாகாது. இதைத்தான் மருமகளிடம் சொல்லியிருக்க வேண்டுமோ? ஆனால் நடைபாதையில் அடுத்தவர் காத்திருக்க, இத்தனை நுணுக்கத்தையும் எந்த மருமகள் நின்று கேட்பாள்? 'அவர்' என்ற சொல் மட்டும் வீட்டுக்குப் போகும். மகன் காதில் விழும்.

கோல்போஸ்கோபியில் அசிட்டிக் அமிலம் தடவியதும் ஓரிடம் வெள்ளையாகத் தெரிந்ததாம். திசுச் சோதனையில் புற்றுக்கு முந்தைய மாற்றம். அந்தப் பகுதியைக் கம்பி வளையத்தால் வெட்டி எடுத்துவிட்டார்கள். வந்த வேலை என்று பார்த்தால் ஆய்வு அவரைக் காப்பாற்றியது. அறிக்கையில் அவர் நல்ல பக்கத்தில்தான் இருப்பார்.

மறுபரிசோதனைக்கு வந்தபோது பக்கத்து வீட்டம்மா கூட வந்திருந்தார். மருமகள் வேலைக்குப் போயிருக்கலாம். அன்று வார நாள். நான் விசாரிக்கவில்லை. அவர் ஐசி என்ற அடையாள அட்டையை நீட்டினார், நான் பதிந்துகொண்டேன், அடுத்த தேதியை வருகை அட்டையில் எழுதிக் கொடுத்தேன். "வர்றேன் மிஸ்ஸி" என்றார். அவருக்கு அடுத்து இருந்தது இளவயசுப் பெண், அவளுக்கும் 16. அதே வாக்கியத்தைச் சொன்னேன்.