முளைப்பாரி ஏன் அவ்வளவு உயரமாக வளர்கிறது?

மாரியம்மன் திருவிழாவுக்கு அத்தை முளைப்பாரி போடும்போது கூடவே இருப்பேன். சட்டியில் வைக்கோலும் எருவும் போட்டு, ஊறவைத்த பயறைத் தூவி, வெளிச்சம் புகாத அறைக்குள் வைத்துத் தண்ணீர் தெளிப்பார். திருவிழாவன்று வெளியே எடுத்தால் பயிர் முழ உயரம் நிற்கும், வெளிர் மஞ்சளாக, தண்டு நூல் மாதிரி. அதே பயறை வெயிலில் போட்டால் பச்சையாகக் குட்டையாகத்தான் வரும். வெளிச்சமே இல்லாத இடத்தில் செடி எதை நம்பி இப்படி ஓடுகிறது?

ஜிப்ரலின் தண்டை நீட்டும் ஹார்மோன் என்று பள்ளியில் படித்தோம். அது வந்து வளர்ச்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் அந்த வேலையைச் செய்யும் பிஃப் என்ற புரதங்கள் செல்லுக்குள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன, அவற்றை டி.என்.ஏ. பக்கம் போகவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது டெல்லா என்ற இன்னொரு புரதம். ஜிப்ரலின் செய்வது அந்தப் பிடியை விடுவிப்பது.

அது நடக்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜிப்ரலினைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியை, ஜிட்1 என்று பெயர், 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லில் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு குழி இருக்கிறது. ஜிப்ரலின் அதற்குள் இறங்கியதும் ஏற்பியின் ஒரு முனை மூடி போலக் கவிந்துகொள்ளும், அந்த மூடியின் மேல்தான் டெல்லா வந்து ஒட்டும். ஒட்டினால் முடிந்தது கதை. யுபிக்விட்டின் என்ற குட்டிப் புரதங்கள் டெல்லாவின் மேல் சங்கிலியாகக் கோக்கப்படும், அந்தச் சங்கிலியைப் பார்த்ததும் செல்லின் புரோட்டியசோம் அதை நறுக்கிப் போட்டுவிடும். பிஃப் கை விடுபடும், தண்டு நீளும்.

இருட்டில் ஜிப்ரலின் அதிகம், டெல்லா நிற்க வழியில்லை. மண்ணுக்கடியில் முளைத்த விதை, கையிருப்பு தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்டியாக வேண்டுமே. வெளிச்சம் பட்டதும் ஜிப்ரலின் குறைந்து டெல்லா சேரும், ஒளியை உணரும் புரதம் பிஃப்பையும் அழிக்கும், செடி ஓட்டத்தை நிறுத்திப் பச்சையாகத் தொடங்கும். ஆக்சின் என்ற இன்னொரு வளர்ச்சி ஹார்மோனும் இதே வழியில், வேறொரு தடைப் புரதத்தை அழித்துத்தான் தன் மரபணுக்களைத் திறக்கிறது.

பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமைக்குப் பின்னாலும் டெல்லாதான் இருக்கிறது என்பது 1999இல் தெரியவந்தது. ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் மெக்சிகோவில் தன் கோதுமைக்குக் கொண்டுவந்த அந்தக் குட்டைத் தன்மை, முன்பகுதி இல்லாத டெல்லாவால் வருவது. ஜிட்1 பிடிக்க வேண்டிய இடமே அங்கு இல்லை, அதனால் ஜிப்ரலின் எவ்வளவு வந்தாலும் டெல்லா அசையாது. உரம் போட்டாலும் தாள் உயர்ந்து சாயாமல் கதிரைத் தாங்கியது அதனால்தான். நம் ஊர் வயல்களுக்கு வந்த ஐ.ஆர். 8 நெல்லும் குட்டைதான், ஆனால் அதில் டெல்லா சரியாகவே இருக்கிறது, ஜிப்ரலின் தயாரிப்புதான் குறைவு. அந்த நாற்றின் மேல் ஜிப்ரலின் தெளித்துப் பாருங்கள், உயர்ந்துவிடும்.