777 கொடுத்தும் திறக்காத ஃபைல்

போன வாரம் ஒரு சின்ன சைட்டை புது சர்வருக்கு மாத்துனேன், அல்மாலினக்ஸ்ங்கிற லினக்ஸ் போட்ட மெஷின். ஜிப் ஃபைலை என் ஹோம் ஃபோல்டர்ல பிரிச்சு, எம்வி கமாண்ட்ல வெப் ஃபோல்டருக்கு நகர்த்திட்டு பிரவுசர்ல பாத்தா 403, அதாவது உள்ள விடமாட்டேன்ங்கிற எரர். வெப் சர்வரான என்ஜின்எக்ஸோட லாக்ல பெர்மிஷன் டினைட்னு ஒரே பாட்டு. ஓனர் மாத்தி பாத்தேன், யாரு வேணாலும் படிக்கலாம், எழுதலாம்ங்கிற சிஎச்மாட் 777 கூட கொடுத்து பாத்தேன், அப்பவும் 403தான்.

கூட வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட கேட்டா "செட்என்ஃபோர்ஸ் ஜீரோ போடு, சரியாயிடும்"னு சொன்னார். போட்டேன், சைட் வந்துருச்சு. அந்த கமாண்ட் எஸ்ஈலினக்ஸோட தடையை நிறுத்தி வைக்கிறது, அப்ப தடுக்குறது அதுதான்னு தெரிஞ்சுது. எஸ்ஈலினக்ஸ்னா, ஒவ்வொரு ஃபைலுக்கும் ப்ரோகிராமுக்கும் ஒரு லேபிள் ஒட்டி, யாரு எதைத் தொடலாம்னு பாக்குற லினக்ஸ் காவல். ஆனா நிறைய பேரு இதோட நிறுத்திட்டு அப்படியே விட்டுடுறாங்க பாருங்க, அதுதான் எனக்கு மனசே ஒப்பல. அமெரிக்காவோட என்எஸ்ஏ 2000ல வெளியிட்டது, 2003ல லினக்ஸ் கர்னலுக்குள்ளயே வந்தது, நம்ம ஆண்ட்ராய்டு போன்லயும் இதுதான் காவல் நிக்குது. அதை வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அது என்ன சொல்லுதுன்னு ஒரு தடவையாவது கேக்கணும்ல. திரும்ப ஆன் பண்ணிட்டு ஆடிட் லாக்கை திறந்தேன்.

ஏயூசர்ச் கமாண்ட்ல ஏவிசி, அதாவது எஸ்ஈலினக்ஸ் தடுத்த பதிவை மட்டும் தேடுனா ஒரு நீள வரி வரும், பாத்தா தலை சுத்தும், ஆனா அதுல மூணு விஷயம் பாத்தா போதும். டினைட் பக்கத்துல அடைப்புக்குள்ள ரீட்னு இருந்துச்சு, வர்றது யாருன்னு சொல்ற எஸ்கான்டெக்ஸ்ட்ல ஹெச்டிடிபிடி_டி, எதைத் தொட வருதுன்னு சொல்ற டிகான்டெக்ஸ்ட்ல யூசர்_ஹோம்_டி. அதாவது வெப் சர்வர், யாரோ ஒருத்தரோட வீட்டு ஃபைலை படிக்க வருது, விடமாட்டேன்னு சொல்லுது. ஃபைல் இப்ப வெப் ஃபோல்டர்லதான் இருக்கு, ஆனா எம்வி பண்ணா பழைய லேபிள் கூடவே வந்துரும், சிபி கமாண்ட்ல காப்பி பண்ணியிருந்தா போய் சேர்ற இடத்தோட லேபிளை எடுத்திருக்கும். 777 ஏன் உதவலன்னா, சாதாரண பெர்மிஷனைத் தாண்டுனப்புறம்தான் இந்த லேபிள் செக்கே நடக்குது, ரெண்டும் தனித்தனி வாசல்.

லேபிளை அந்த இடத்துக்கு உரியதா திருப்புற ரெஸ்டோர்கான் கமாண்டை பெரிய ஆர், சின்ன வி போட்டு அந்த ஃபோல்டர் மேல ஓட்டுனேன், எந்த லேபிள்ல இருந்து எதுக்கு மாறுதுன்னு ஒவ்வொரு ஃபைலா ஓடுச்சு, சைட் வந்துருச்சு. அஞ்சு செகண்ட் வேலை.

நெட்ல தேடுனா, தடுத்ததை அனுமதிக்க ரூல் எழுதித் தர்ற ஆடிட்டுஅலவ் ஓட்டி ஒரு மாட்யூல் போட்டுக்கோன்னு நிறைய இடத்துல இருக்கும். தயவுசெஞ்சு என்ன எழுதித் தருதுன்னு படிச்சிட்டு போடுங்க. என் கேஸ்ல அது கொடுத்த ரூல், வெப் சர்வர் எல்லாரோட ஹோம் ஃபைலையும் படிக்கலாம்ங்கிறது. தப்பு ஒரு ஃபைலோட லேபிள்ல, அதுக்கு எல்லா வீட்டு சாவியையுமா தூக்கி கொடுப்பீங்க?

மறுநாள் காலைல படம் அப்லோட் ஆகலன்னு போன். திரும்ப ஏவிசி, இந்த தடவை அடைப்புக்குள்ள ரைட். வெப் ஃபோல்டரோட வழக்கமான லேபிள் படிக்க மட்டும்தான் விடும், எழுதணும்னா நடுவுல ஆர்டபிள்யூ இருக்குற லேபிள் வேணும். சிஎச்கான்ல மாத்தலாம், ஆனா அடுத்த ரெஸ்டோர்கான்ல போயிடும், அதனால செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்ல அப்லோட் ஃபோல்டருக்கு மட்டும் ரூல் எழுதிட்டு மறுபடி ரெஸ்டோர்கான் ஓட்டுனேன். மினிமல் இன்ஸ்டால்ல செமேனேஜ் இருக்காது, பாலிசிகோர்யூட்டில்ஸ் பைத்தான் யூட்டில்ஸ் பேக்கேஜை போட்டுக்கணும்.

அப்லோட் ஓடுனதும் முந்தின நாள் கொடுத்த 777 ஞாபகம் வந்துச்சு. ஓனர் மட்டும் எழுதுற மாதிரி ஃபோல்டரை 755, ஃபைலை 644ன்னு திருப்புனேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருக்குற கான்ஃபிக் ஃபைலும் ராத்திரி பூரா 777ல கிடந்திருக்கு, அதை மத்தவங்க படிக்க முடியாதபடி 640 ஆக்கி பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்.