தண்டுவடக் காயத்துக்குச் சான்றிதழ்: ஒரு வரி இல்லாததால் வந்த அலைச்சல்

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுக்கு ஓடு மாற்றும்போது சாரம் சரிந்து விழுந்து தண்டுவடம் அடிபட்ட என் அண்ணனுக்கு, மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்து மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். இணையப் பதிவு எளிதாகவே முடிந்தது. சிக்கல், பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட நாளில்தான் தொடங்கியது.

விண்ணப்பக் கோப்பை வாங்கிய ஊழியர், அண்ணனின் வலது கால் சக்கர நாற்காலியில் வெட்டி இழுத்ததைக் கண்டு, "கால்தான் ஆடுதே, நடந்துருவாரு, அப்புறம் வாங்க" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. அந்த ஆட்டம் அவர் ஆட்டுவதன்று. காயத்துக்குக் கீழேயுள்ள தண்டுவடம் உயிரோடிருப்பதால் அனிச்சைச் செயல் அங்கேயே நடக்கிறது. அதை அடக்கி வைக்கும் மூளையின் கட்டளைதான் கீழே இறங்குவதில்லை. விபத்து நடந்த புதிதில் துவண்டு கிடந்த கால்கள், தண்டுவட அதிர்ச்சி நிலை நீங்கிய பிறகு விறைப்பதும் வெட்டுவதும் இதனால்தான்.

ஆயினும் ஊழியரை மறுக்க எங்களிடம் தாள் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் "டி10 எலும்பு முறிவு, கம்பி பொருத்தப்பட்டது" என்று மட்டுமே இருந்தது. டி10 என்பது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது. எந்த எலும்பு முறிந்தது என்பது வேறு, தண்டுவடம் எந்த மட்டம் வரை வேலை செய்கிறது என்பது வேறு. இரண்டாவது எங்குமே எழுதப்படவில்லை. போன வழியே திரும்பினோம். நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்ததில் வால் எலும்பின் மேல் தோல் சிவந்திருந்ததை, அண்ணனுக்கு வலி தெரியாததால், வீட்டில் அண்ணி பார்த்துத்தான் அறிந்தோம். மெத்தை இல்லாமல் அழைத்துச் செல்லாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறையாவது உடலைச் சற்றுத் தூக்கிவிடுங்கள். சிறுநீர்க் குழாய் போடும் நேரத்தையும் கணக்கிட்டே புறப்படுங்கள்.

மதுரையில் மறுபடி காட்டியபோது, ஒரு மருத்துவர் பொறுமையாக முழுப் பரிசோதனையும் செய்தார். பின்தலையிலிருந்து ஆசனவாய் வரை, ஒவ்வொரு பக்கமும் 28 இடங்களில் பஞ்சாலும் குண்டூசியாலும் தொட்டார். கை கால்களில் பக்கத்துக்குப் பத்து தசைகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இட்டார். கைகளுக்கு முழு மதிப்பெண், கால்களுக்குப் பூஜ்யம். தொப்புளுக்குக் கீழே பஞ்சு படுவது தெரிந்தது, குண்டூசியின் கூர்மை தெரியவில்லை. தொடுவுணர்ச்சி தண்டுவடத்தின் பின்பக்கமாகவும், வலியும் சூடும் முன்பக்கத்தை ஒட்டியும் மூளைக்குச் செல்வதால், முன்பகுதி நசுங்கினால் இப்படி ஒன்று மிஞ்சி மற்றொன்று போய்விடும் என்று அவர் விளக்கினார். வெந்நீரை நாங்கள் கையால் சோதித்த பிறகே அண்ணன் காலில் ஊற்ற வேண்டும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

ஆசனவாய்ப் பரிசோதனைக்கு அண்ணன் கூசினார். தயவுசெய்து அதைத் தவிர்க்க விடாதீர்கள்: அங்கே உணர்ச்சியோ, தானே இறுக்கும் அசைவோ இருக்கிறதா என்பதை வைத்தே காயம் முழுமையானதா, பகுதியளவா என்று முடிவாகிறது. அண்ணனுக்கு உணர்ச்சி இருந்தது. தண்டுவடக் காயத்தைத் தரம்பிரிக்கும் ஆசியா (ASIA) அளவுகோலில் அவருக்கு ஏ அன்று, பி: அதாவது முழுமையான காயம் அன்று, அசைவு போய் உணர்ச்சி மிஞ்சிய பகுதியளவுக் காயம்.

மட்டமும் தரமும் எழுதிய அந்தத் தாளோடு மறுமுறை போனபோது, சான்றிதழ் தரும் குழுவின் மருத்துவர் படித்துவிட்டு, கால் வெட்டுவதைப் பார்த்து, "இது ஸ்பாஸம்", அதாவது தானாக வரும் தசை இறுக்கம், என்று சொல்லிக் கையெழுத்திட்டார். பராமரிப்பு உதவித்தொகைக்கும் அதே தாளைக் கேட்கிறார்கள். அசல் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுத்திருக்கிறோம்.