வீர்பூரில் ஒரு வேளைச் சாப்பாடு

வீர்பூர் கோவிலில் உண்டியல் கிடையாது. நாமாகக் காசை நீட்டினாலும் வாங்க மாட்டார்கள். 2000 பிப்ரவரி 9 முதல் எந்தக் காணிக்கையும் ஏற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவது மட்டும் 1820-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

குஜராத்தில் ராஜ்கோட்டிலிருந்து ஜுனாகட் போகும் வழியில், கோண்டலைத் தாண்டினால் வீர்பூர். ரயில் நிலையம் உண்டு. சோம்நாத் யாத்திரை போகிறவர்கள் பலர் வழியில் இறங்கித் தரிசனம் செய்துவிட்டுப் போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். கோபுரம், பிராகாரம் என்று மனதில் வைத்துக்கொண்டு போக வேண்டாம். சாதுக்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் சோறு போட்ட ராம பக்தர் ஜலாராம் பாபா வாழ்ந்த வீடுதான் கோவில்.

அந்த வீட்டின் கதை ஒரு வியாபாரக் குடும்பத்தின் கதை. 1799-இல், கார்த்திக மாத வளர்பிறை சப்தமியில் ஜலாராம் பிறந்தார். தந்தை பிரதான் தக்கர், தாய் ராஜ்பாய். கடை வைத்துப் பிழைக்கும் லோகானா குலம். பிள்ளைக்கோ கணக்கில் மனம் செல்லவில்லை. சாதுக்கள் வந்தால் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடுவார். அப்பாவின் வியாபாரத்தை விட்டு விலகிய அவரைச் சித்தப்பா வால்ஜி தன்னோடு வைத்துக்கொண்டார். அந்தக் கடையிலும் அதே கதைதான். துணியும் வெல்லமும் சாதுக்களுக்குப் போயின. பக்கத்துக் கடைக்காரர் கோள் சொல்ல, சித்தப்பா வந்து அளந்து பார்த்தபோது சரக்கு குறையாமல் இருந்தது என்று பக்தர்கள் சொல்கிறார்கள்.

18 வயதில் ஃபதேபூரைச் சேர்ந்த போஜா பகத் என்ற குருவிடம் ராம நாம உபதேசமும் மாலையும் பெற்றார். குருவின் ஆசியோடு 20 வயதில் சதாவிரதம் தொடங்கினார். எந்த நேரத்தில் யார் வந்தாலும், சாதுவோ வழிப்போக்கரோ, சாப்பாடு உண்டு.

இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிட்டது. முதல் தானியம் எங்கிருந்து வந்தது? கடையிலிருந்து வரவில்லை. ஜலாராமும் மனைவி வீர்பாயும் வயல்களில் அறுவடைக் கூலிக்குப் போய், கூலியாகக் கிடைத்த தானியத்தைச் சேர்த்து வைத்தார்கள். அதைக் கொண்டுதான் அடுப்பு மூட்டினார்கள். வியாபாரி வீட்டுப் பிள்ளை, தன் உடம்பு உழைத்துச் சேர்த்ததைத்தான் முதல் அன்னமாகப் போட்டார். தட்டுப்பாடு வந்தபோது வீர்பாயின் நகைகள் விலைக்குப் போயின. அப்புறம் ஊர் கை கொடுத்தது. ஜலாராமின் பிரார்த்தனையால் வயிற்று வலி தீர்ந்த ஹர்ஜி என்ற தையற்காரர்தான் அவரை முதலில் ‘பாபா’ என்று அழைத்தாராம். ஜமால் என்ற முஸ்லிம் வியாபாரி, மகனுடைய நோய் குணமானால் தருவதாக வேண்டிக்கொண்டபடி, 1822-இல் 40 அளவை தானியம் கொண்டுவந்து கொடுத்தார். “ஜலா ஸோ அல்லா”, அதாவது ஜலாவே அல்லா என்று அவர் சொன்னதை இன்றும் அங்கே பெருமையோடு சொல்கிறார்கள்.

உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தடியும் ஒரு ஜோல்னாப் பையும் இருக்கின்றன. வரிசை அங்கே மெதுவாகத்தான் நகர்கிறது, அது நல்லதே. அவை வந்த விதத்தைப் பக்தர்கள் இப்படிச் சொல்கிறார்கள்: முதிய சாது ஒருவர் வந்து, தனக்குப் பணிவிடை செய்ய வீர்பாயை அனுப்பும்படி கேட்டார். ஜலாராம் மனைவியிடம் கேட்டார், அந்த அம்மாவும் சம்மதித்து உடன் நடந்தார். வழியில் காட்டில், இந்தத் தடியையும் பையையும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போன சாது திரும்பவில்லை. வந்தது இறைவன், நடந்தது சோதனை என்று அசரீரி கேட்டது. இன்றைக்குக் கேட்கையில் ஒரு பெண்ணுக்கு இந்தச் சோதனை கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் கூலிக்குப் போனதும், நகையைக் கொடுத்ததும், காட்டுக்கு நடந்ததும் அவர்தான். பாபாவின் பெயருக்குச் சமமாக ‘வீர்பாய் மா’ என்ற பெயரும் அங்கே ஒலிப்பது எனக்கு நிறைவாக இருந்தது.

விக்ரம ஆண்டு 1934-இன் (கி.பி. 1877-78) பெரும் பஞ்சத்திலும் இரவு பகலாக இருவரும் சோறு போட்டார்கள். 1878-இல் அம்மா மறைந்தார், 1881-இல் பாபா. பாபா வாழ்ந்த காலத்திலேயே எடுத்த அவருடைய புகைப்படம் ஒன்று அங்கே இருக்கிறது: வெள்ளைத் தலைப்பாகை, கையில் தடி. ஒரே மகள் ஜம்னாபாய். அந்த மகள் வழி வம்சத்தினர்தான் இன்றுவரை பொறுப்பேற்று நடத்துகிறார்கள்.

தரிசனம் முடிந்ததும் பந்திக்குப் போய்விடுங்கள். பகலில் பூந்தியும் காண்டியாவும் பிரசாதம். காண்டியா என்பது கடலைமாவில் பிழிந்த தடித்த காராசேவு. மாலையில் கிச்சடியும் கடியும். நம் ஊர் ரவா கிச்சடி இல்லை, அரிசியும் பருப்பும் குழைய வெந்தது, மேலே மோர்க்குழம்பு மாதிரி கடி. பரிமாறுகிறவர்கள் போதும் என்றாலும் இன்னொரு கரண்டி வைக்கிறார்கள். தீபாவளிக்குப் பின் ஏழாம் நாள் ஜலாராம் ஜெயந்தி. அன்றைக்குக் கூட்டம் தாங்காது. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் சாப்பிடாமல் மட்டும் திரும்பி வராதீர்கள்.